ஏழு நொடி மேளம்: டிரம் அண்ட் பேஸும் நம் தோற்கருவிகளும்

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடி மாதத்து அம்மன் திருவிழாவுக்குப் போனவர்கள் இரண்டு வகையான ஒலியைக் கேட்டிருப்பார்கள். ஒன்று, மூங்கில் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வருவது. மற்றது, கரகம் ஜோடிக்கும் இடத்தில் பம்பைக்காரரின் இடுப்பில் கட்டிய இரட்டை முழவிலிருந்து எழுவது. முதல் ஒலி வயல்வெளி தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் போகும். ஆனால் அதில் அடித்தொனி இருக்காது. கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பே அப்படி: சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அதிர்வுகளை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். பாடகியின் குரலும் நாதசுரமும் கணீரென்று வரும், தவிலின் அடித்தொனிப் பக்கமான தொப்பி காணாமல் போகும். பம்பையின் ஒலி ஊரெல்லை தாண்டாது, ஆனால் பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். பாட்டு தகரத்திலிருந்தும் அடித்தொனி தோலிலிருந்தும் வர, எங்கள் பக்கத்துக் காதுகள் அப்படியே பழகின.

1990களில் லண்டனில் உருவான டிரம் அண்ட் பேஸ் தட்டுகளை நான் கேட்கத் தொடங்கியபோது அவை எனக்கு அந்நியமாகப் படாததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். அந்த இசையில் மேளம் பக்கவாத்தியம் அல்ல. பாடகரின் இடத்தில் மேளம் நிற்கிறது. பாட்டு இருந்தாலும் மேளத்துக்கு வழிவிட்டுத்தான் வரும். பம்பையும் அப்படிப்பட்டதே. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பக்கத்திலும் வேட்டவலம், அவலூர்பேட்டைப் பகுதிகளிலும் பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடும்போது, இரண்டு அடிகள் பாடிவிட்டு நிறுத்தி, நீண்ட நேரம் கருவியையே பேசவிடுவார். கூட்டம் காத்திருப்பது அந்த இடைவெளிக்காகத்தான். சாமி வருவதும் அப்போதுதான்.

தெற்காசியரும் தமிழரும் மின்னணு நடன இசையோடு சேர்ந்து செய்த தட்டுகளில் எவை இன்றும் நிற்கின்றன, எவை நிற்கவில்லை என்ற கேள்விக்கு இதையே அளவுகோலாகக் கொள்கிறேன். மேளத்தை முன்னே நிறுத்தியவை நின்றன, அலங்காரமாக ஒட்டியவை உதிர்ந்தன. பல தட்டுகளைப் பல முறை கேட்டு எடுத்த முடிவு இது. விமர்சகர்கள் புகழ்ந்த சில தட்டுகளைப் பற்றி எனக்கு வேறு கருத்து இருப்பதற்கும் இதுவே காரணம்.

டிரம் அண்ட் பேஸின் விதை ஒரு தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் இசைக்குழு 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாடலை வெளியிட்டது. அது நன்றாக விற்றது, கிராமி விருதும் பெற்றது. தட்டைத் திருப்பினால் 'ஆமென், பிரதர்' என்று சொற்களில்லாத ஒரு துண்டு. அதன் நடுவே மற்றக் கருவிகள் ஒதுங்க, கிரகரி கோல்மன் நான்கு ஆவர்த்தனம் தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். ஏறக்குறைய ஏழு நொடி. முதல் இரண்டு ஆவர்த்தனமும் ஒன்றுபோல ஓடுகின்றன. மூன்றாவதில் கடைசி ஸ்னேர் அடி வரவேண்டிய இடத்தில் வராமல் அரை எண்ணிக்கை தள்ளி விழுகிறது. நான்காவதில் தொடக்கமே காலியாக விடப்படுகிறது, பிறகு சிம்பல் நாம் எதிர்பாராத இடத்தில் வெடிக்கிறது. எடுப்பு மாறும் அந்த இரண்டு ஆவர்த்தனங்கள் இல்லாவிட்டால் இந்தத் துண்டை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். கோல்மன் அங்கே காலம் காட்டவில்லை. கேட்பவரைக் காலத்திலிருந்து ஒரு கணம் தள்ளிவிட்டுத் திரும்பப் பிடிக்கிறார். நல்ல தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் செய்வதும் அதையேதான்.

1986இல் டிஜேக்களுக்காக வந்த 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' தொகுப்பு வரிசையில் இத்துண்டு சேர்ந்தது. முதலில் நியூயார்க்கின் ஹிப்ஹாப் கலைஞர்கள் எடுத்தார்கள், பிறகு லண்டன் இளைஞர்கள். அக்காய் நிறுவனத்தின் எஸ்950, எஸ்1000 சாம்ப்ளர் கருவிகளில் இந்த ஏழு நொடியை ஏற்றி, ஒவ்வோர் அடியையும் வெட்டித் தனித்தனி விசையில் வைத்து, வரிசை மாற்றி வாசித்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 137 அடி என்றிருந்த வேகம் 160, 170 என்று ஏறியது. முதலில் ஜங்கிள் என்றும் பின்னர் டிரம் அண்ட் பேஸ் என்றும் பெயர் பெற்ற இசை இப்படித்தான் பிறந்தது. பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களும் உழைக்கும் குடும்பங்களின் வெள்ளை இளைஞர்களும் சேர்ந்து உருவாக்கிய இசை அது.

மேளம் 170இல் ஓட, பேஸ் பாதி வேகத்தில், 85இல், நடப்பதுதான் இதன் சூட்சுமம். ஆடுகிறவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். மூச்சுவாங்க ஆடலாம், தோளை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கலாம், இரண்டும் சரியே. கீழ்காலமும் மேல்காலமும் ஒரே தாளத்துக்குள் சேர்ந்திருப்பதை அறிந்த நமக்கு இது புதிதல்ல. கரகம் தலையில் ஏற்றியவரின் நடை கடைசிவரை நிதானமாகவே இருக்கும். பம்பை அந்த நடையின்மேல் இரட்டித்து, மீண்டும் இரட்டித்து ஓடும். நடை மாறாமல் மேளம் மட்டும் இறுகுவதால்தான் உடம்புக்குள் ஒரு தவிப்பு உண்டாகிறது. கோல்டி 1995இல் வெளியிட்ட 'டைம்லெஸ்' தட்டின் தலைப்புப் பாடல் 21 நிமிடம் நீள்கிறது. டயான் ஷார்லமேனின் குரல் மிக மெதுவாக மேலே மிதக்க, கீழே உடைந்த அடிகள் சிதறி ஓடிக்கொண்டே இருக்கும். டிரம் அண்ட் பேஸில் இதைவிடப் பெரிய படைப்பு வந்ததாக நான் கருதவில்லை. 1997இல் மெர்க்குரி பரிசு பெற்ற ரோனி சைஸ், ரெப்ரசென்ட் குழுவின் 'நியூ ஃபார்ம்ஸ்' துல்லியமானது, மேடையில் வாசிக்கத்தக்கது. ஆனால் அதில் அந்தத் தவிப்பு குறைவு. அதே ஆண்டில் வந்த ஃபோட்டெக்கின் 'மோடஸ் ஒபராண்டி' வேறு வகை. ஒவ்வோர் அடியையும் நகைக்கடைத் தராசில் நிறுத்தது போன்ற கணக்கு அதில் இருக்கிறது. இரவில் தனியே கேட்பதற்கு ஏற்றது, கூட்டத்துக்கு அல்ல.

அந்த அடித்தொனி லண்டனுக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1948இல் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களைத் தொடர்ந்து ஜமைக்கா மக்கள் பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்களோடு சவுண்ட் சிஸ்டம் பழக்கமும் வந்தது: ஆள் உயரப் பெட்டிகளைத் தாங்களே மரத்தில் செய்து, பெரிய ஸ்பீக்கர்களைப் பூட்டி, தெருவிலும் கூடத்திலும் ரெகே தட்டுகளைப் போடுவது. நம் ஊர் மைக் செட்டுக்காரருக்கும் அவர்களுக்கும் வேலை ஒன்றுதான். இருவரும் விழாவுக்கு ஒலியைச் சுமந்து போகிறவர்கள். ஆனால் அவர்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள், நாம் கூம்பைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே அடித்தொனியைத் தட்டுக்குள்ளேயே பதிவுசெய்ய வேண்டிய தேவை எழுந்தது. இங்கே அதைத் தர ஆள் நேரில் நின்றிருந்தார். தமிழ்த் திரைப்பாடல்களின் பழைய ஒலிப்பதிவுகளில் பேஸ் மெலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இசையமைப்பாளரின் குறை என்று அதைச் சொல்ல மாட்டேன். கூம்பில் ஒலிக்கப்போகும் பாட்டுக்குப் பேஸ் எதற்கு?

ஜமைக்காவிலிருந்து வந்த இன்னொரு பழக்கம் டப்பிளேட். அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய லாக்கர் பூச்சு. வெளிவராத பாடலை அதில் ஒரே ஒரு பிரதி வெட்டி டிஜேயின் கையில் கொடுப்பார்கள். லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற கூடம் இதற்குப் பேர்போனது. பூச்சு மென்மையானது, சில பத்து முறை ஊசி ஓடினால் தேய்ந்துவிடும். அந்தத் தட்டைக் கேட்க வேண்டுமானால் அந்த இரவில் அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். பதிவுக்கலைக்குள்ளேயே நேரடி நிகழ்வின் அருமையைக் காப்பாற்றிவைத்த ஏற்பாடு அது. எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு.

நம் கருவிகளும் அந்தச் சாம்ப்ளர்களும் ஒரே விளைவை எப்படித் தேடின என்பதையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1992இல் கோல்டி 'டெர்மினேட்டர்' என்ற தட்டைச் செய்தார். அதில் அடிகளின் வேகம் மாறாமல் சுருதி மட்டும் ஏறுகிறது, இறங்குகிறது. சாதாரணமாக ஒரு தட்டை வேகமாகச் சுற்றினால் சுருதியும் சேர்ந்து ஏறும். இவை இரண்டையும் பிரிக்க ஈவன்டைட் ஹார்மனைசர் என்ற கருவி தேவைப்பட்டது. கேட்டவர்கள் திகைத்தார்கள், இசைக்குள் காலமே வளைவதுபோல இருந்தது. பம்பையோடு சேர்ந்து வரும் உடுக்கையை நினைத்துப் பாருங்கள். இடை சிறுத்த அந்தக் கருவியின் இரு தோல்களையும் இணைக்கும் கயிற்றை இடக்கை அழுத்துகிறது, தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. கையைத் தளர்த்தினால் இறங்குகிறது. வலக்கையின் அடி அதே காலத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வேகம் ஒன்று, சுருதி வேறு. கோல்டி இயந்திரத்தில் தேடியதை உடுக்கைக்காரர் உள்ளங்கையில் வைத்திருக்கிறார். குறி சொல்லும் நேரத்தில் இந்த வளைவுகள் அதிகமாவதைக் கவனித்திருக்கிறேன். காலத்தை வளைத்துக் காட்டுவதற்கே அந்த ஒலி பயன்பட்டிருக்கிறது, இங்கேயும் அங்கேயும்.

அடுத்தது உறுமல். 1988இல் டெட்ராய்ட்டின் கெவின் சாண்டர்சன், ரீஸ் என்ற பெயரில் வெளியிட்ட 'ஜஸ்ட் வான்ட் அனதர் சான்ஸ்' தட்டில் ஒரு பேஸ் ஒலி இருக்கிறது. சற்றே சுருதி விலகிய அலைகள் ஒன்றோடொன்று உரசுவதால் உண்டாகும் கரகரத்த முனகல். அதற்கு ரீஸ் பேஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரே கீத் 1994இல் ரெனகேட் என்ற பெயரில் செய்த 'டெரரிஸ்ட்' தட்டில் ஆமென் அடிகளுக்குக் கீழே இந்த முனகல் ஓடும்போது தரை அதிரும். உறுமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழுவதும் இதே குடும்பத்து ஒலியே. அடித்துப் பெறுவதல்ல, உரசிப் பெறுவது. தோலும் குச்சியும் ஒட்டி ஒட்டி விடுபடும் அந்தக் கணங்களில் சுருதி நிலைகொள்ளாமல் வழுகிப் போகும். வழுகும் அடித்தொனியும் அதன்மேல் ஓடும் கூரிய அடிகளும் சேர்ந்ததே டிரம் அண்ட் பேஸ். உறுமி ஒரே கருவியாக இரண்டையும் செய்கிறது.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் 1990களின் லண்டனில் பம்பையோ உறுமியோ பறையோ அந்த இசைக்குள் வரவில்லை. வந்தது தபலா. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியரில் பஞ்சாபியரும் குஜராத்தியரும் வங்காளத்தவரும் மிகுதி என்பதால் அது இயல்பே. ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த ப்ளூ நோட் கிளப்பில் ஞாயிறு இரவுகளில் கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ், திங்கள் இரவுகளில் தபலாக் கலைஞர் டால்வின் சிங் நடத்திய அனோகா. ஒரே கூடம், ஒரே ஸ்பீக்கர்கள், அடுத்தடுத்த இரவுகள். அங்கே வளர்ந்த இசையைத் திரட்டி 1997இல் 'அனோகா: சவுண்ட்ஸ் ஆஃப் தி ஏஷியன் அண்டர்கிரவுண்ட்' தொகுப்பு வந்தது.

அத்தொகுப்பில் என் காதுக்கு முதலிடம் ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற பெயரில் சாம் ஸமான் செய்த 'ஃப்ளைட் ஐசி408'. விமான அறிவிப்பு, சித்தார், அதன்பின் பாய்ந்து வரும் அடிகள். சித்தார் இனிமை சேர்க்க வரவில்லை, தந்தியை மேளம்போல வெட்டி வெட்டி வாசிக்கிறார்கள். எல்லாக் கருவியும் மேளத்தின் பக்கம் சேர்ந்துகொள்ளும் பாட்டு அது. 2015இல் சாம் ஸமான் இறந்தபோது அவருக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. அவர் பெயரை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதே தொகுப்பில் ஒரு தமிழ்ப்படத்தின் இசையும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசை, ஏ. ஆர். ரஹ்மானுடையது, 'மும்பை தீம் ட்யூன்' என்ற பெயரில் சேர்க்கப்பட்டது. அதிரடித் தட்டுகளுக்கு நடுவே புல்லாங்குழலும் வயலின்களும் வந்து மூச்சுவிட இடம் தருகின்றன. விடியப்போகும் நேரத்தில் டிஜே இதைப் போட்டால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவு லண்டன் கிளப்பில் நுழைந்தது மெட்டின் வழியாகத்தான். நம் மேளம் அப்போதும் வெளியே நின்றது.

டால்வின் சிங்கின் 'ஓகே' 1998இல் வந்து 1999இல் மெர்க்குரி பரிசு பெற்றது. என் கருத்தில் அது அனோகா தொகுப்பைவிடப் பலவீனமானது. அவர் தேர்ந்த தபலாக் கலைஞர் என்பதில் ஐயமில்லை. அப்படியிருந்தும் அந்தத் தட்டில் தபலா பெரும்பாலும் பட்டுத்திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. அலைபோல வரும் சின்தசைசர்களும் மிதக்கும் குரல்களும் முன்னே நிற்கின்றன. அழகான தட்டு, உடம்பை அசைக்காத தட்டு. அதே 1998இல் ஏஷியன் டப் ஃபவுண்டேஷன் குழு வெளியிட்ட 'ராஃபீஸ் ரிவெஞ்ச்' முரட்டுத்தனமானது. 'நக்சலைட்' பாடலில் பேஸும் அடிகளும் கோபத்தோடு மோதுகின்றன. இன்று கேட்டாலும் அது பழசாகவில்லை. பரிசுக் குழுவினர் இனிமைக்கு மதிப்பெண் போட்டார்கள், நான் அடிக்குப் போடுகிறேன்.

உறுமி உள்ளே வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாயா அருட்பிரகாசம் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் மீண்டும் லண்டனுக்குப் போனவர். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் தந்தையின் பெயர் தாங்கிய 'அருளர்', 2007இல் தாயின் பெயர் தாங்கிய 'கலா'. முதல் தட்டு ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியை வைத்துப் பெரும்பாலும் உருவானது. இரண்டாவதற்கு அவர் சென்னைக்கு வந்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் தமிழ்நாட்டு உறுமிக் கலைஞர்களின் வாசிப்பு முதுகெலும்பாக இருக்கிறது. 'பாம்பூ பாங்கா' பாடலில் 'தளபதி' படத்தின் இளையராஜா பாடலிலிருந்து எடுத்த துண்டு வருகிறது.

'கலா' டிரம் அண்ட் பேஸ் அல்ல, வேகமும் வேறு, இலக்கணமும் வேறு. ஆனாலும் ஜங்கிள் வளர்த்த லண்டன் காது அதற்குள் இருக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மேளங்களைச் சுத்தம் செய்யவில்லை. பலர் சேர்ந்து அடிக்கும்போது அடிகள் இழை அளவு முன்பின்னாக விழும் அல்லவா, அந்தக் கூட்ட ஒலி அப்படியே விடப்பட்டிருக்கிறது. இடையே கோழியும் குழந்தைகளும் கத்துகிறார்கள். மெட்டு என்று சொல்ல அதிகம் இல்லை. குரல் மேளத்தின் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து வருகிறது. திருவிழாக் கூட்டத்துக்குள் நின்று பேசுகிறவர் அப்படித்தான் பேச முடியும். உலகெங்கும் புகழ்பெற்றது இதே தட்டின் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற இனிய பாடல். நான் 'பேர்ட் ஃப்ளூ'வையே அந்தத் தட்டின் உயரம் என்பேன். அதே 2007இல் தமிழ்நாட்டில் 'பருத்திவீரன்' வெளியாகி, தென்மாவட்டத் திருவிழா மேளங்களைத் திரையரங்கின் பேஸ் பெட்டிகளில் முழங்க வைத்தது. இரண்டு நிகழ்வுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த ஒரே ஆண்டில் நாட்டுப்புற மேளம் இரண்டு திசையில் பெரிய ஸ்பீக்கர்களை அடைந்தது.

தமிழ்த் திரையிசைக்கு மின்னணுக் கருவிகள் புதியவை அல்ல. 1986இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் இளையராஜா கணினி வழிக் கோர்வைகளைச் செய்துவிட்டார். 1992இல் 'ரோஜா' வந்தபின் சென்னையின் ஒலியே மாறியது. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற வாத்தியக்காரர் 1982இலேயே ரோலண்ட் டிபி-303, டிஆர்-808 கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துத் தட்டு வெளியிட்டார். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் தலையெடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு. 2010இல் அது மறுபதிப்பாகி ஐரோப்பாவில் கொண்டாடப்பட்டது, தகுதியான கொண்டாட்டமே. ஆனால் அத்தட்டிலும் ராகம்தான் நாயகன், தாளம் மாறாமல் தட்டிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஏன் சென்னையிலிருந்து ஒரு நல்ல டிரம் அண்ட் பேஸ் தட்டு வரவில்லை? திரைப்பாட்டுக்குப் பாடகர் தேவை என்பது தெரிந்த காரணம். மேளத்துக்குக் கிடைப்பது இடையிசையில் சில நொடிகள். தெரியாத காரணம் நடையில் இருக்கிறது. டிரம் அண்ட் பேஸ் சதுஸ்ரத்தில் ஓடுவது. டிஆர்-808இன் முகப்பில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன, அந்தப் பதினாறே இவ்வகை இசையின் கட்டமாக நின்றுவிட்டது. நம் குத்து பெரும்பாலும் திஸ்ரம். அதைவிட நுட்பமானது, பறையின் பல அடிகள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே சாய்ந்து கிடப்பது. இடக்கையின் சிண்டுக்குச்சியும் வலக்கையின் அடிக்குச்சியும் பேசிக்கொள்ளும் அந்த இடைவெளி கணினியின் கட்டத்தில் விழாது. மென்பொருளில் ஏற்றி, அடிகளைக் கட்டத்துக்கு இழுத்துச் சரிசெய்த கணமே அதன் உயிர் போய்விடுகிறது. இன்றைய திரைக்குத்துப் பாடல்கள் பலவற்றில் பறை ஒலி இருந்தும் பறையின் நடை இல்லாமல் போனது இதனால்தான். கோல்மனின் ஆமென் துண்டு இத்தனை ஆண்டு வாழ்வதற்குக் காரணமும் அதுவே. வெட்டியவர்கள் அடிக்குள் இருந்த சாய்வை வெட்டவில்லை, துண்டுகளோடு அதையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள்.

இங்கே சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. பறை பல ஊர்களில் தலித் மக்கள்மேல் சுமத்தப்பட்ட கட்டாயப் பணியாக இருந்தது. சாவு வீட்டில் அடிக்க மறுத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. இனித் தொடமாட்டோம் என்று பறையைத் துறந்தவர்களின் முடிவும், அதையே விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தவர்களின் முடிவும் இரண்டுமே மதிக்கத்தக்கவை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, பறையையும் கானாவையும் கிட்டார், டிரம்ஸோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. அவர்களின் ஒலிப்பதிவுகளில் சில இடங்களில் கிட்டார் பறையை மூடிவிடுகிறது என்பது என் குறை. மேடையில் அந்தக் குறை இல்லை, அங்கே பறையே முன்னே வருகிறது. யாருடைய மேளம் யார் காதுக்கு எந்த நிபந்தனையில் போகிறது என்ற கேள்வியை இசையின் உள்ளேயே வைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கேள்வி ஆமெனுக்கும் உண்டு. ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒலித்த ஏழு நொடிக்காகக் கிரகரி கோல்மனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்தார். உரிமையை வைத்திருந்த குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அது நன்றிக்கடன், உரிமைத்தொகை அல்ல. அவரும் 2020இல் காலமானார். நான் நேசிக்கும் ஓர் இசை முழுவதும் இந்தக் கடனின்மேல் நிற்கிறது. தட்டுகளைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் சட்டம் இப்போது ஓரளவு தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞரின் உரிமை 1994 திருத்தத்தால் வந்தது, அதன் காலம் இப்போது 50 ஆண்டு. 2012 திருத்தம் 38ஏ, 38பி என்ற பிரிவுகளைச் சேர்த்தது. நிகழ்ச்சியின் பதிவு வணிகத்துக்குப் பயன்பட்டால் உரிமைத்தொகையில் பங்கு பெறவும், வாசித்தவர் இன்னார் என்று அறிவிக்கப்படவும் கலைஞருக்கு உரிமை உண்டு. கோயில் முற்றத்தில் பம்பை வாசிப்பவருக்கும் இது பொருந்தும். அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். செல்பேசியில் எடுத்த பம்பை, உடுக்கைத் துண்டுகள் இன்று ரீமிக்ஸ்களில் பெயரில்லாமல் உலவுகின்றன.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பம்பையை முறையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் விருப்பம். செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் போகாமல் அவர்கள் வாசிக்கும் இடத்திலேயே, குழாய் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தோலைச் சூடேற்றிய பிறகு பதிய வேண்டும். மேலும் கீழுமாகக் கட்டிய இரு முழவுகளுக்கும் தனித்தனி மைக், உடுக்கைக்கு ஒன்று, கூட்டத்தின் ஒலிக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று. தாளக்கட்டை ஒலிக்கவிட்டு அதற்கேற்ப வாசிக்கச் சொல்லக் கூடாது, முன்பின்னாக விழும் அடிகள் அப்படியே இருக்கட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பதிவிலிருந்து யாராவது ஏழு நொடியை வெட்டி எடுத்து, லண்டனிலோ டொரண்டோவிலோ சென்னையிலோ 170 வேகத்தில் ஓட்டினால், தட்டின் உறையில் பம்பைக்காரரின் பெயரும் ஊரும் இருக்கும், வரும் தொகையில் அவர் பங்கு அவர் வங்கிக் கணக்குக்குப் போகும் என்பது அந்த ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும்.